சூரிச் பாணியில் சத்தியபாமா அன்ரி

1

இந்தக் கதை ஒரு கழிப்பறையில் பிறந்தது. இதை மறைத்துவிட்டு, மழைக்கால மாலை ஒன்றில் ஆரம்பிக்க எனக்கும் தெரியும். ஆனால் தமிழ்ச் சங்க மலருக்குக் கதை கேட்ட தலைவர் இரத்தினசிங்கம் அவர்கள், "உண்மை இருக்கவேணும் தம்பி, இந்த மண்ணின்ரை மணமும் இருக்கவேணும்" என்று இரண்டு நிபந்தனை போட்டார். கழிப்பறையில் இரண்டும் கிடைத்தன.

சிட்னிப் புறநகரான செவன் ஹில்ஸில் வரதராஜா அங்கிள் வீட்டுக் கழிப்பறை அது. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தால் நேரெதிரே ஆளுயரச் சுவரொட்டி ஒன்று இருக்கும். வெள்ளைத் தாள். அதில் சாய்ந்த கறுப்புப் பட்டைகள், இடமிருந்து வலமாக மெலிந்துகொண்டே போகும். கீழே மூன்று வரி ஜெர்மன். முதல்முறை பார்த்தபோது மின்சாரம் பற்றிய எச்சரிக்கை என்று நினைத்து விளக்கைத் தொடாமல் அரையிருட்டிலேயே வேலையை முடித்துக்கொண்டு வந்தேன். அது பியானோக் கச்சேரி ஒன்றின் விளம்பரம், சூரிச் நகரம், 1955 என்று அங்கிள் பிறகு சொன்னார். நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகள் போனதும் எனக்கு அந்தப் பட்டைகள் காதில் விழத் தொடங்கின.

நான் பிறந்ததே அந்தக் கச்சேரி முடிந்து மூன்று வருடம் கழித்து. சூரிச்சைக் கண்டதில்லை. இருந்தும் 1979 இல், சிட்னியில், இருபத்தொரு வயதில், அந்த ஊர்ச் சுவர்களை நினைத்து ஏங்குகிறேன். அடுத்தவரின் ஏக்கத்தை இரவல் வாங்கியவன் எழுதும் கதை இது. இரவல் பொருளில் கீறல் இருந்தால் அது என் வேலை.

2

எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள்:

"வரதராஜா அங்கிள் யாரும் புரிந்துகொள்ளாத ஒரு கலைஞர். அவருடைய கண்களில்…" கண்களில் ஒன்றும் இல்லை. மூக்குக்கண்ணாடி இருந்தது.

"போர் முடிந்த ஐரோப்பா. இடிபாடுகளின் நடுவே ஒரு யாழ்ப்பாணத்து இளைஞன், கையில்…" வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சுவிஸ்காரர்கள் போரில் சேரவில்லை. சூரிச்சில் இடிபாட்டுக்கு நான் எங்கே போவது?

"1976 இல், ஒரு செவ்வாய்க்கிழமை, சத்தியபாமா அன்ரி இறந்துபோனார்." மூன்றிலும் இதுதான் சிறந்தது. பொய் என்பது ஒன்றே குறை. அன்ரி அங்கிளின் மனைவி, நல்ல சுகத்தோடு இருக்கிறார், இதை வாசிக்கவும் போகிறார். முதல் வரியில் அவரைக் கொன்றால் எனக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு இல்லாமல் போகும்.*

* ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை உண்மை. அதற்கு வருகிறேன்.

3

அங்கிளை லண்டனுக்கு அனுப்பியது கணக்கியல் படிக்க. அவர் சூரிச்சில் சுவரொட்டி வரையப் படித்தார். இது எப்படி நடந்தது என்பதை அவர் இரண்டு விதமாகச் சொல்வார். விடுமுறைப் பயணத்தில் சூரிச் நிலையத்தில் ரயில் மாறும்போது ஒரு சுவரொட்டியைப் பார்த்தபடியே நின்று ரயிலை விட்டுவிட்டார் என்பது ஒன்று. கணக்கியல் பரீட்சையில் தோற்றார் என்பது மற்றது. இரண்டும் நடந்தது, ஆனால் அந்த வரிசையில் இல்லை என்பது அன்ரியின் தீர்ப்பு. நான் ரயிலை எடுத்துக்கொள்கிறேன். ரயில் இருந்தால் கதைக்கு ஒரு அழகு.

அங்கே அவர் படித்தது என்ன என்று கேட்டால் ஒரே சொல்லில் சொல்வார்: "எடுக்கிறது." தாளில் எது இல்லாமலும் சரிவருமோ அதை எடு. எடுத்த பிறகு மிச்சத்தைப் பார். அதிலும் எடு. போருக்குப் பிறகு அந்த ஊர் இளைஞருக்குக் கூச்சல் வெறுத்துப்போயிருந்தது. கூச்சல் போட்ட சுவரொட்டிகள் அயல்நாடுகளை எங்கே கொண்டுபோய் விட்டன என்று அவர்கள் பார்த்திருந்தார்கள். அதனால் தாளைக் கட்டம் கட்டமாகப் பிரித்தார்கள், எழுத்தின் வால்களை நறுக்கினார்கள், சொல்லவேண்டியதை ஒரே தரம், தாழ்ந்த குரலில் சொன்னார்கள்.

போலந்தின் வார்சோவில் வேறு மாதிரி. இளைஞர் விழா ஒன்றுக்கென்று 1955 இல் அங்கே போயிருக்கிறார். போரில் இடிந்த ஊர், வீடுகள் இல்லை. வீடு கட்டப்போகிற இடங்களைச் சுற்றிப் பலகை வேலி, வேலி நெடுகச் சுவரொட்டிகள். சர்க்கஸ், நாடகம், சினிமா. படமும் எழுத்தும் தூரிகையால் தீட்டியவை. சினிமாவுக்கான சுவரொட்டியில் நடிகரின் முகமே இருக்காதாம். ஒரு தொப்பி இருக்கும், இல்லாவிட்டால் ஒரு பறவை. "நகரம் இன்னும் வரேல்லை, போஸ்டர் வந்திட்டுது" என்பார் அங்கிள். இதைச் சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். (கழற்றியபோது பார்த்தேன். கண்களில் ஏதோ இருந்தது. முதல் தொடக்கத்தை அவசரப்பட்டு வெட்டிவிட்டேனோ தெரியவில்லை.)

செவன் ஹில்ஸில் அவருக்கு அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை. நாய் பிஸ்கட் பெட்டிக்கு அவர் செய்த முதல் வடிவமைப்பில் நாய் இல்லை. ஒரு கறுப்பு வட்டமும் நிறைய வெள்ளையும். மனேஜர் நாயைப் போடச் சொன்னார். அங்கிள் போட்டார். அந்த நாய் பெட்டியைவிட்டுப் போகப் பார்க்கிற மாதிரி வலது ஓரத்தில் நிற்கும்.

4

இனி அன்ரி. பதின்மூன்று வயதில், 1948 இல், யாழ்ப்பாணத்தில் அரங்கேறியவர். பிறகு கொழும்பு வானொலியில் பாடினார். இங்கே வந்தபின் சலவை அறையில் பாடினார். சலவை இயந்திரம் இரைவது ஏறக்குறைய ஐந்து கட்டைச் சுருதி, அது தன் சுருதிதான் என்று எனக்கு விளக்கியிருக்கிறார்.

1976 நவராத்திரிக்கு, சனிக்கிழமை நடக்கவிருந்த சங்கத்துக் கச்சேரியில் பாடும்படி இரத்தினசிங்கம் அங்கிள் கேட்டார். அன்ரி பல நாள் பதில் சொல்லவில்லை. கடைசியில் ஓம் என்றார். ஏன் என்று கேட்டேன்.

"இந்த ஊரில நான் பாடுறனான் எண்டு ஆருக்கும் தெரியாது தம்பி. ஒருக்காப் பாடிப் பாப்பம். சரிவராட்டி இதோட விட்டிடுவன்."

இதை அவர் வெங்காயம் உரித்துக்கொண்டு சொன்னார். அதனால் நான் சாதாரணப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். வாசகராகிய நீங்கள் அப்படி எடுத்துக்கொள்ளவேண்டாம். இந்தக் கதையில் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: சனிக்கிழமை அன்ரி பாடுவாரா?

விளம்பரத்தை அங்கிள் ஏற்றார். இரத்தினசிங்கம் அங்கிள் கொடுத்த வாசகம் ஒரு முழுத் தாள்: மேலே பிள்ளையார் சுழி, பிறகு தலைமை, மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, ஆசியுரை, நன்றியுரை, அனைவரும் வருக. இடையில் எங்கேயோ ‘இசைக் கச்சேரி.’ அங்கிள் எடுக்கத் தொடங்கினார். பென்சில் வரைவைப் பார்த்த இரத்தினசிங்கம் அங்கிள், "தலைவர் எங்கை?" என்றார்.

"நீங்கள் மண்டபத்தில இருப்பியள்தானே. ஒருக்காச் சொன்னதைத் திருப்பிச் சொல்லக்கூடாது."

(இரத்தினசிங்கம் அங்கிளை ஒரு கேலிப் பாத்திரமாக ஆக்கிவிட்டேனோ என்று யோசிக்கிறேன். மலரை அச்சுக்கு அனுப்புகிறவர் அவர். ஆகவே இங்கே ஒன்று சேர்க்கிறேன்: அவர் உயரமானவர், தேர்ந்த பேச்சாளர்.)

அன்ரிக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று அங்கிள் காட்டாமலே செய்து முடித்தார். தொழிற்சாலையில் கறுப்பு மை மட்டும் ஏற்றியிருந்த இயந்திரத்தில், மனேஜரின் அனுமதியோடு, தானே அடித்தார். திங்கட்கிழமை அவை போன இடங்கள்: பிளாக்டவுன் மசாலாக் கடை, ஆஸ்பத்திரிச் சிற்றுண்டிச்சாலை, ரயில் நிலையப் பலகை, என் பல்கலைக்கழகம்.

சுவரொட்டி எப்படி இருந்தது என்றால்: தாளின் முக்கால் பங்கு கறுப்பு. கறுப்பில் அன்ரியின் முகம், பெரிதாக, கண் மூடியபடி. சலவை அறையில் அவர் ஒரு வரியைப் பாடி முடித்த கணத்தில் அங்கிள் எடுத்த படம். கீழே வெள்ளையில் அவர் கையால் வரைந்த எழுத்து, சிட்னியில் தமிழ் அச்செழுத்து கிடையாது என்பதால். முதல் வரி, ‘சத்தியபாமா வரதராஜா.’ இரண்டாம் வரி, ‘1948 – 1976.’ அரங்கேறிய ஆண்டு, ஒரு கோடு, இந்த ஆண்டு. மூன்றாம் வரி, சனிக்கிழமை, நேரம், மண்டபம்.

‘கச்சேரி’ என்ற சொல் இல்லை. பாடுகிற முகத்துக்குக் கீழே கச்சேரி என்று எழுதினால் அது திருப்பிச் சொன்னதாகிவிடும்.

சூரிச்சில் இது பரிசு வாங்கியிருக்கும். நாங்கள் சூரிச்சில் இல்லை. தமிழ்ப் பத்திரிகையில் இப்படி ஒரு படத்தை நீங்கள் எந்தப் பக்கத்தில் பார்த்திருக்கிறீர்கள் என்று யோசியுங்கள். நான் காத்திருக்கிறேன்.

5

ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கும் நாகேஸ்வரி அன்ரி செவ்வாய் மத்தியானம் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த அத்தனை தமிழ் வீட்டுக்கும் தொலைபேசி எடுத்தார். ஒரு வீட்டுக்கு மட்டும் எடுக்கவில்லை. செத்த வீட்டுக்குத் தொலைபேசியில் துக்கம் விசாரிப்பது மரியாதை இல்லை, நேரே போகவேண்டும்.

பின்னேரம் அங்கிள் முன்புறத்தில் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நான் வாசற்படியில் இருந்தேன். (செவ்வாயில் எனக்குப் பொருளியல் வகுப்பு. வகுப்பு அதன்பாட்டில் நடந்திருக்கும்.) இரத்தினசிங்கம் அங்கிள் காரிலிருந்து இறங்கினார், வெள்ளை வேட்டி. ஒன்றும் பேசாமல் வந்து அங்கிளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். குழாய் இருவரின் காலையும் நனைத்தது.

"நெஞ்சடைச்சுப் போச்சு வரதர்."

"பாத்தவுடனயோ?" என்றார் அங்கிள்.

"நான் இன்னும் பாக்கேல்லை. சொல்லிக் கேட்டதுக்கே இப்பிடி."

அங்கிள் தலையைக் குனிந்தார். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். பத்து வருடம் நாய் பிஸ்கட்டோடும் சவர்க்காரத்தோடும் கிடந்த ஒரு மனிதருக்குக் கடைசியில் பாராட்டு வருகிறது. பின்னால் இன்னும் மூன்று கார்கள். ஆண்கள் ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்தார்கள். ஒருவர் தோளில் தட்டி, மனதைத் தளரவிடக்கூடாது என்றார். அங்கிள், இனி விடமாட்டேன் என்று உறுதி கொடுத்தார்.

நாகேஸ்வரி அன்ரி வெள்ளைச் சேலையில், இடியப்பமும் சொதியும் நிறைந்த பாத்திரங்களோடு படியேறினார். செத்த வீட்டில் அடுப்பு எரியாது, சாப்பாடு வெளியிலிருந்துதான் வரவேண்டும். கதவு திறந்தது. தலைக்குக் குளித்து, கூந்தலை விரித்துவிட்டபடி, சத்தியபாமா அன்ரி நின்றார்.

இந்த இடத்தில் பாத்திரம் கைநழுவி விழுந்து உடைந்தால் கதைக்கு நல்லது. இரண்டு வரைவுகளில் விழுத்தியும் பார்த்தேன். ஒட்டவில்லை. நாகேஸ்வரி அன்ரி சொதியைக் கீழே விடுகிற ஆள் இல்லை.

"பிள்ளை," என்றார், "நீர் இருக்கிறீரோ?"

"இருக்கிறன் அக்கா. வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ."

செத்த வீட்டில் யாரும் ‘வாங்கோ’ சொல்வதில்லை. விஷயம் பிழைத்துவிட்டது என்று எல்லோருக்கும் அப்போதுதான் உறுதியானது.

6

கொண்டுவந்த சாப்பாட்டை என்ன செய்வது? சாப்பிட்டோம். கதிரை போதாமல் குசினி நிலத்திலும் இருந்து சாப்பிட்டோம். சிரித்துச் சிரித்துச் சிலருக்குப் புரையேறியது. 1948 ஐப் பிறந்த ஆண்டு என்று நினைத்ததாகவும், "செத்த பிறகும் வயசைக் குறைச்சுப் போட்டிருக்கினம்" என்று தான் காரில் சொல்லிக்கொண்டு வந்ததாகவும் நாகேஸ்வரி அன்ரி ஒத்துக்கொண்டார். சத்தியபாமா அன்ரிதான் அதிகம் சிரித்தவர். பிறகு, அப்படி என்னதான் இவர் போட்டிருக்கிறார், காட்டுங்கோ பாப்பம் என்றார்.

நாகேஸ்வரி அன்ரி ஆஸ்பத்திரியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்ததை விரித்தார்.

இந்தப் பத்தியை ஏழு முறை எழுதினேன். "அவருடைய முகத்தில் நிழல்…" இல்லை. "திடீரென்று குசினியில்…" அதுவும் இல்லை. சத்தியபாமா அன்ரி பார்த்தார். அவ்வளவுதான். நேரம் எடுத்துப் பார்த்தார்.

"பொட்டு எங்கை?"

கறுப்பு வெள்ளையில் பொட்டு ஒரு கறையாகத்தான் விழும் என்று அங்கிள் விளக்கினார். அது ஒரு புள்ளி, கண்ணைத் தன்பக்கம் இழுக்கும், எழுத்துக்குப் போகவிடாது. ஆகவே அழித்துவிட்டார். சூரிச்சில் என்றால்…

"என்னை ஒரு சொல் கேட்டனீங்களோ?"

அங்கிள் தாளின் சுருண்ட ஓரத்தை நேராக்கினார்.

"எல்லாத்தையும் எடுத்தனீங்கள். தலைவரை எடுத்தனீங்கள், கச்சேரியை எடுத்தனீங்கள். கடைசியா உங்களையும் எடுத்துப்போட்டியள். ஊர் நினைக்குது நான் செத்திட்டன் எண்டு. எனக்கு இதைப் பாக்க நீங்கள் செத்தமாதிரிக் கிடக்கு. இதில ஆர் சனிக்கிழமை பாடுறது?"

ஒரே நிறத்தில், ஒரே தாளில், மனைவியை ஊருக்கும் தன்னை மனைவிக்கும் கொன்ற வடிவமைப்பாளர் வேறு யாரும் இருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. இந்த வாக்கியத்தை மாணவர் பத்திரிகைக்கென்று அப்போதே மனதில் எழுதி வைத்தேன். குசினியில் அது எடுபடவில்லை. அன்ரி தட்டுகளை அடுக்கிக்கொண்டே, தான் பாடவில்லை, மண்டபக்காரரிடம் சொல்லிவிடுங்கள் என்று இரத்தினசிங்கம் அங்கிளிடம் சொன்னார். குரல் உயரவில்லை. அந்தத் தாழ்ந்த குரலை அங்கிள் சூரிச்சில் படிக்க ரயிலை விட்டிருக்கத் தேவையில்லை. வீட்டிலேயே இருந்தது.

7

புதன்கிழமை அங்கிள் வேலைக்குப் போகவில்லை, சுவரொட்டிகளுக்குப் பொட்டு வைக்கப் போனார். இதுவரை சாட்சி உண்டு. இனி எனக்கு என் பாத்திரத்தின்மேல் சந்தேகம்.

முதல் வடிவம்: சிவப்பு மை, மெல்லிய தூரிகை, கவராயம். ஒவ்வொரு சுவரொட்டியிலும் நெற்றியை அளந்து வட்டம் போட்டார். இது அவருடைய இயல்புக்குப் பொருந்தும்.

இரண்டாம் வடிவம்: அன்ரியின் குங்குமச் சிமிழைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போனார். இதை அன்ரி மறுக்கிறார். சிமிழ் இருந்த இடத்திலேயே இருந்ததாம்.

நான் கண்ணால் கண்டது பல்கலைக்கழகப் பலகையில் இருந்த ஒன்றை மட்டும். சிவப்பு மைதான். ஆனால் தூரிகை வேலை இல்லை. வட்டம் கோணல், நெற்றியின் நடுவிலிருந்து கொஞ்சம் விலகல், அருகே போய்ப் பார்த்தால் மையில் விரல் ரேகை. எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியை உருப்பெருக்கியால் பார்க்கிற மனிதர், அத்தனை பேர் போகிற நடைபாதையில், பெருவிரலை மையில் தோய்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கறுப்பும் வெள்ளையுமான அந்தத் தாளில் சிவப்பு ஒன்றே ஒன்று. நடைபாதையின் கடைசியிலிருந்தே கண்ணை இழுத்தது. அவர் சொன்னது சரி, எழுத்துக்குப் போகவிடவில்லை.

பின்னேரம் இரத்தினசிங்கம் அங்கிள் தொலைபேசியில் வந்தார்.

"வரதர், படத்துக்குப் பொட்டு வைக்கிறது ஆருக்கு எண்டு யோசிச்சனீரோ? இனி மாலை ஒண்டுதான் குறை."

இறந்தவரின் படத்துக்குத்தான் கண்ணாடிமேல் பொட்டு வைப்பது. திருத்தப் போனவர் பிழையை முடித்துவைத்துவிட்டு வந்திருந்தார். வியாழக்கிழமை இன்னும் இரண்டு வீட்டார் துக்கம் விசாரிக்க வந்தார்கள்.

அதே வியாழன், அன்ரி மசாலாக் கடைக்குப் போனார். கூடப் போன நாகேஸ்வரி அன்ரி எனக்குச் சொன்னது: சுவரொட்டிக்கு முன்னால் நின்றார். கிட்டப் போனார். தன் பெருவிரலை அந்தச் சிவப்பின்மேல் வைத்துப் பார்த்தார், அவருடையது சிறியது. பிறகு கொத்தமல்லி வாங்கினார். வெளியே வரும்போது கடைக்காரரிடம், இதுக்கு மேல வேற நோட்டீஸ் ஒட்டாதேங்கோ என்றார். சனிக்கிழமையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

8

சனிக்கிழமை மண்டபத்தில் இருக்க இடமில்லை. பாதிப் பேர் அன்ரி உண்மையாகவே இருக்கிறாரா என்று பார்க்க வந்தவர்கள். திருத்தச் செய்தி போய்ச் சேராத சிலர் வெள்ளையில் வந்து, மங்கல விளக்கைக் கண்டு குழம்பிப்போய்ப் பின்வரிசையில் இருந்தார்கள். சுவரொட்டியில் பெயர் வராத தலைவர் வரவேற்புரையை அதற்கேற்ற நீளத்தில் நிகழ்த்தினார். (உயரமானவர், தேர்ந்த பேச்சாளர்.) கடைசி நிமிடம் வரை அன்ரி வருவாரா என்று அவருக்கும் தெரியாது. அதனால்தான் அத்தனை நீளம் என்று அவர் இப்போது சொல்கிறார், நான் நம்புகிறேன்.

பக்கக் கதவால் அன்ரி வந்தார். மேடையில் இருந்தார். அங்கிள் சுவரோடு நின்றார், இருக்கவில்லை. அன்ரி சபையைப் பார்த்தார், கண்களை மூடினார்.

முடிவுகள்:

(அ) பாடினார். எல்லோரும் அழுதார்கள். மலரில் இது எடுபடும்.

(ஆ) பாடவில்லை. எழுந்து, கும்பிட்டு, போனார். இலக்கியக்காரர்களுக்குப் பிடிக்கும்.

(இ) ஒலிபெருக்கி பழுதடைந்து, அவர் பாடியது முன்வரிசைக்கு மட்டும் கேட்டது. மாணவர் பத்திரிகை இதைக் கேட்கும்.

மூன்றில் ஒன்று உண்மைக்குக் கிட்ட இருக்கிறது. எதுவென்று சொல்வதாக உத்தேசம் இல்லை. அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். இல்லாதவர்களுக்கு ‘பாடினார்’ என்று நான் எழுதினால் கிடைப்பது ஒரு சொல்தானே, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

9

போன ஞாயிறு இந்தக் கதைப் படியைச் செவன் ஹில்ஸுக்குக் கொண்டுபோனேன். அங்கிள் பென்சிலோடு வாசித்தார். முதல் பகுதியை எடுக்கலாம் என்றார். இரண்டாவதையும் எடுக்கலாம். மூன்றாவது வேறு யாரையோ பற்றியது. அன்ரி குசினியிலிருந்தபடி முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். எட்டாவது பகுதி முடிந்ததும், நீர் அன்று வந்தீர்தானே, பிறகு ஏன் மூன்று முடிவு என்றார்.

"வந்தனான் அன்ரி. வாசிக்கிற ஆக்கள் வரேல்லையே."

"அப்ப அவைக்கு ஒருநாள் வைப்பம். வரச் சொல்லி எழுதும்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, மாதத்தையும் மண்டபத்தையும் யோசித்துக்கொண்டிருந்தார். அங்கிள் என் கடைசித் தாளைப் புரட்டி, அதன் வெறுமையான பின்பக்கத்தை மேசையில் வைத்தார். பென்சிலை எடுத்தார். கோடு போடவில்லை. குசினிப் பக்கம் திரும்பினார்.

"பாமா, என்ன நிறத்தில செய்யட்டும்?"

தண்ணீர்க் குழாய் நின்றது. அன்ரி ஈரக் கையோடு வந்து தாளைப் பார்த்தார். இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. யோசித்தார். பிறகு ஒரு நிறம் சொன்னார்.

அந்த நிறத்தை நான் இங்கே எழுதவில்லை. இப்போது உங்களுக்குத் தோன்றுகிறதே, அது இல்லை.